உடலோம்பலும் உவகையும்

நோய் தணித்தற்பொருட்டுச் செய்யப்படுந் தொழிலில் இன்பங் காண்டல் தகுமா, தகாதா என்னும் வினா முதற்கண் மிகச் சிறியதொன்றாகத் தோன்றும். மருந்து கசப்பினும் இனிப்பினும் பிணி தணிதலே வேண்டப்படுவதாகலின், இதனை ஆராய்தற்கு என்ன இருக்கின்றதென அன்பர் சிலர் கேட்கவுங் கூடும். ஆயின் நீரிழிவென்றும், நம் நாட்டு வழக்கிற் சலரோகமென்றும், வீடுகளிற் சீனி வருத்தமென்றும் வழங்கும் பிணியுற்றாரோடு சிறிது காலம் பழகினார்க்கு இவ்வினாவின் ஆழம் புலப்படாமற் போகாது. இப்பிணிக்குத் தேகாப்பியாசம் மருந்தாக விதிக்கப்படுகின்றது. ஏனை மருந்துகள் விழுங்கிய கணத்திலே நம் உள்ளத்தை விட்டு நீங்குவன. இதுவோ நாடோறும் அரைமணி நேரம் நம் காலையுங் கையையும் மனத்தையும் ஒருங்கே கேட்பது. ஒரு மண்டலம், இரு மண்டலம் என்னும் எல்லையின்றி வாழ்நாள் முழுதுங் கேட்பது. அத்துணைப் பெரிய காலத்தை ஒருவர் வெறுப்போடு கழிப்பதா, விருப்போடு கழிப்பதா என்பது மருத்துவர்க்கு மட்டும் உரிய வினாவன்று.

நம்மவருள் மூத்தோர் சிலர் இதற்கு விரைந்து விடை கூறுவர். நாவின் இன்பமும் பாயின் இன்பமுமே இந்நோயைக் கொணர்ந்தன. இன்பத்தால் வந்ததற்குக் கழுவாய் துன்பமே. நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கவேண்டுமேயன்றி ஆடலும் பாடலும் அவனுக்கு ஆகா என்பது அவர் கொள்கை. கேட்டற்கு இது நோன்பு போலத் தோன்றும். ஆயினும் இக்கொள்கையின் அடியில் ஓர் அநீதி கிடக்கின்றது. பிணியாளனைக் குற்றவாளியாக வைத்தே இது தொடங்குகின்றது. பெரும்பாலும் இளமையிலே தோன்றும் நீரிழிவு, உடம்பு தன் கணையத்தில் இன்சுலின் சுரக்குங் கலங்களைத் தானே அழித்துக்கொள்வதால் வருவது. அக்குழந்தை எந்த இன்பத்தை மிகையாக நுகர்ந்தது? நடுவயதில் வரும் வகையிலும் குடிவழிக்குப் பெரும் பங்குண்டு. நம்முடைய தென்னாசிய மக்கட்கு மிகுந்த பருமனின்றியும் அது வந்துவிடுகின்றது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நிகழ்ந்த ஆய்வு, 20 வயது நிரம்பியோருள் நூற்றுக்கு 10.3 பேர் இந்நோயுடையரெனக் கண்டது. அவருள் மூன்றிலொரு பங்கினர்க்குத் தமக்கு நோயுண்டென்பதே தெரியாது. இத்துணைப் பேரையுங் கூண்டில் ஏற்றித் தண்டனை வழங்குதல் அறமாகாது.

எனினும் அம்மூத்தோர் கூற்றை முற்றிலுந் தள்ளிவிடுதற்கும் இல்லை. சரகர் பெயரால் வழங்கும் ஆயுள்வேத நூல், பிரமேகத்தின் காரணங்களை எண்ணத் தொடங்குமிடத்து, இருக்கையின் சுகத்தையும் உறக்கத்தின் சுகத்தையும் முன்னே நிறுத்துகின்றது. சுகம் என்னுஞ் சொல்லே அங்கு ஆளப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. இனிச் சுசுருதர் பெயரால் வழங்கும் நூலின் சிகிச்சைப் பகுதியைக் காண்போம். முதிர்ந்த மேகத்தார்க்கு அந்நூல் விதிப்பன யாவை? உடற்பயிற்சி, மற்போர், விளையாட்டு, யானையேற்றம், குதிரையேற்றம், தேரூர்தல், நடை, படைக்கலப் பழக்கம் என்பன. யானையேற்றம் நம்முள் எத்துணைப் பேர்க்கு வாய்க்கும் என்று நகையாடுதல் எளிது. ஆனால், மருந்துகளின் நிரலில் விளையாட்டையும் வைத்தெண்ணிய அப்பழைய மருத்துவரின் துணிவை நாம் வியவாதிருத்தல் இயலாது. மேலும் அவர் ஆளுக்கேற்ப மருந்தை வேறுபடுத்துகின்றார். பொருளுஞ் சுற்றமும் இல்லாதவன் செருப்புங் குடையுமின்றி, ஐயமேற்றுண்டு, ஓரூரில் ஓரிரவுக்குமேல் தங்காது நூறு யோசனை நடக்கவேண்டும். செல்வன் சாமை முதலிய எளிய தானியங்களை உண்டு மான்களோடு உறையவேண்டும். வேறு சிலர் கிணறு தோண்டவேண்டும். மெலிந்த உடம்பினனையோ எப்பொழுதுங் காத்தல் வேண்டும் என்பன அவர் விதிகள். மெலிந்தோரைத் தனியே பிரித்த நுட்பத்தின் அருமை, 1922 ஆம் ஆண்டு இன்சுலின் மருந்தாக வந்தபின்னரே உலகிற்கு முழுதும் விளங்கிற்று என்னலாம்.

இவ்விரு நூல்களும் ஒன்றையொன்று மறுக்கின்றனவோ எனின், மறுக்கவில்லை. ஒரு நூல் விலக்கியது இருத்தலின் இன்பம்; மற்றது விதித்தது இயங்கலின் இன்பம். இவையிரண்டும் இன்பமெனும் ஒரு பெயர் பெற்றமையாலே ஒன்றெனக் கொள்வது மயக்கம். சாய்மணைக் கதிரையில் உண்ட களைப்போடு கிடப்பானுடைய இன்பம் நேரஞ் செல்லச் செல்ல மங்கிக் கனத்துப்போம். பந்தெறிந்து ஓடுஞ் சிறுவனுடைய இன்பமோ ஓட ஓடத் தழைக்கும். முன்னது உடம்பை மறப்பதால் வருவது. பின்னது உடம்பின் ஆற்றலை உணர்வதால் வருவது. சுசுருத நூல் இதற்கோர் அளவும் வகுத்திருக்கின்றது: தன் வலிமையிற் பாதியளவே பயிலல் வேண்டும் என்பது. துன்பத்தையே மருந்தெனக் கருதுவார்க்கு இந்த அரைவலிமை விதி பொருந்தாது. துன்பமே நோக்கமாயின் முழு வலிமையையுங் கேட்டிருப்பரன்றோ?

இக்காலத்து உடல்நூலாரும் இதனை வேறொரு வழியால் விளக்குவர். தசைநார் சுருங்கி விரியுங்கால், இன்சுலினுடைய ஏவலை எதிர்பாராமலே குருதியிலுள்ள சர்க்கரையைத் தன்னுள் இழுத்துக்கொள்கின்றது. பயிற்சி முடிந்த பின்னரும் ஒரு நாள், இரு நாள் வரையில் இன்சுலினுக்கு அத்தசை நன்கு இணங்கி நிற்கும். இரு நாட்கு மேல் இடைவிடுதல் கூடாதென மருத்துவர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் உலாவுவதே உணவாலேறுஞ் சர்க்கரையைக் குறைக்கும். இவ்வேதிச் செயலில் தசைக்கு மகிழ்ச்சியுந் தெரியாது, சலிப்புந் தெரியாது. அழுதுகொண்டு நடப்பினும் அன்றைய சர்க்கரை அன்று குறையும். அற்றேல் உவகையை இங்கு ஏன் புகுத்துகின்றீர் என்று வினவலாம். நாளைக்கும் நடக்கவேண்டுமென்பதே எம் விடை. ஒரு நாளைய நடைக்கு மனத்திட்பம் போதும். இருபதாண்டு நடைக்கு அது போதாது. சீனத்தில் டாச்சிங் என்னும் ஊரில் 1986 ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் நின்ற 577 பேர் சேர்க்கப்பட்டனர். ஆறாண்டு கழியுமுன் தேகாப்பியாசம் பயின்ற கூட்டத்தாருள் நூற்றுக்கு 41 பேர்க்கு நோய் வந்தது. ஒன்றுஞ் செய்யாத கூட்டத்தாருள் 68 பேர்க்கு வந்தது. இத்துணைப் பயன் தரும் மருந்தொன்றை அறிந்தும் மக்கள் விட்டுவிடுகின்றார்கள் என்றால், அறியாமை ஒன்றையே குறை கூறல் பொருந்தாது. அம்மருந்தை நாம் கொடுக்கும் முறையிலேயே ஏதோ குறையிருத்தல் வேண்டும்.

சென்னையில் நிகழ்ந்த ஒன்று இதற்கு நல்ல சான்று. அங்கே ஏசியாட் காலனி என்னுங் குடியிருப்பில் நடுத்தர வருவாயினர் வாழ்ந்தனர். வைத்தியர் மோகன் முதலானோர் நடத்திய ஆய்வில், அவருள் தேகாப்பியாசஞ் செய்வார் நூற்றுக்கு 14 பேரே எனக் காணப்பட்டது. நோயின் இயல்பு அவர்கட்கு எடுத்துரைக்கப்பட்டது. பின்னர் அக்குடியிருப்பார் தாமே பொருள் திரட்டிப் பூங்காவொன்றை அமைத்துக்கொண்டனர். சில ஆண்டுகளில் அத்தொகை நூற்றுக்கு 58 க்கு மேலாயிற்று. 2006 ஆம் ஆண்டில் இது வெளியிடப்பட்டது. நிழலும், நண்பர் முகமும், தாம் சமைத்த இடமென்னும் பெருமிதமும் அறிவுரையோடு சேர்ந்தபின் கால்கள் எழுந்தன. அந்நகரத்து நீரிழிவு ஆராய்ச்சியாளர் இளம் பெண்பிள்ளைகட்கென விரைந்த நடனப் பயிற்சியொன்றை அமைத்து அதற்குத் தாண்டவ் எனப் பெயரிட்டிருப்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. அம்பலத்தாடுவானை வழிபடும் நம் மரபினர்க்கு, ஆடல் மருந்தாகுமென்பது பிறர் சொல்லித் தெரியவேண்டிய செய்தியா?

விளையாட்டிற்கும் இந்நோய்க்கும் பகையில்லை என்பதற்கு இளைஞர் நன்கறிந்த ஒருவரைக் காட்டுவோம். பாக்கித்தான் நாட்டு வேகப் பந்துவீச்சாளர் வசீம் அக்ரம் 1997 ஆம் ஆண்டில் தமக்கு நீரிழிவு உண்டென அறிந்தார். இன்சுலின் ஏற்றிக்கொண்டே விளையாடி, 2003 ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் ஒருநாள் ஆட்டங்களில் தம் 500 ஆவது விக்கெட்டை வீழ்த்தினார். எல்லாரும் அவராதல் இயலாது. ஆதல் வேண்டியதும் இல்லை. நோய் வந்தது கேட்டவுடனே மட்டையையும் பந்தையும் பரணில் எறிந்துவிடும் பெற்றோர்க்கே இதனைச் சொல்லுகின்றோம்.

இனி நம் உப்புவெளியை நோக்குவோம். திருகோணமலை நகரின் வடக்கே நிலாவெளிச் சாலையோரம் கிடக்கும் இவ்வூர்க்கு இறைவன் அளித்துள்ள கொடை பெரிது. பிற நாட்டார் பெரும்பொருள் செலவிட்டு வந்து நடக்குங் கடற்கரை நம் வீட்டு வாயிலிற் கிடக்கின்றது. அவர் காலையிலும் மாலையிலும் அதில் நடக்க, நாம் வேலிக்குள் இருந்து அவரைப் பார்க்கின்றோம்! ஈரமணல் நடைக்கு ஏற்றது. காய்ந்த மணலில் நடத்தல் இருமடங்கு உழைப்பு. சித்திரைக்குப் பின் புரட்டாதி வரையிற் கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மூட்டுவலியால் நடக்கமாட்டாதார் இடுப்பளவு நீரில் நின்று நடப்பாராயின், நீர் அவருடைய சுமையைத் தாங்கிக்கொள்ளும். துணையின்றி இறங்குதல் மட்டும் ஆகாது. கரைவலை இழுப்போரைப் பாருங்கள். அம்பாப் பாட்டின் தாளத்திற்கு அத்தனை கால்களும் ஒருங்கே மணலில் ஊன்றுகின்றன. பாட்டு நின்றால் வலையும் நின்றுவிடும். பிழைப்பிற்காகச் செய்யும் அக்கடுந் தொழிலையே விளையாட்டென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால், பாட்டொன்று இருந்தால் உழைப்பின் பாரங் குறையுமென்பதை நம் முன்னோர் எந்த ஆராய்ச்சியுமின்றி அறிந்திருந்தனர் என்பதற்கு அக்கரையே சான்று.

கோணேசர் கோயிலுக்குச் செல்லும் வழியும் அத்தகையதே. கோட்டை வாயிலினின்று சுவாமிமலை வரையிலும் பாதை மெல்ல மெல்ல ஏறுகின்றது. வண்டியிற் கோயில்வாயில் வரை சென்று இறங்குவோர் பலர். அவ்வழியை நடந்தேறினால் தரிசனத்தோடு தேகாப்பியாசமும் கூடும். வழிநெடுகப் புள்ளிமான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். செல்வன் மான்களோடு உறைக என்ற அப்பழைய விதியை ஏழையும் இங்கே காசின்றி நிறைவேற்றிக்கொள்ளலாம். வழிபாட்டைச் சர்க்கரை குறைக்குங் கருவியாக்குதல் தகுமா என்று கடிந்து கேட்பாருமுளர். கேள்வி நியாயமானதே. அன்பினாற் செல்வார்க்கு நடையின் பயன் கேளாமலே வருகின்றது. நடைக்காகவே செல்வார்க்கு நாளடைவில் அன்பு வருதலுங் கூடும். இவ்விரண்டில் எது முன் வருமென்று வாயிலில் நின்று நாம் கணக்கெடுக்கவேண்டுவதில்லை.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்லவேண்டும். இதுபற்றி நம் கோயிற் சூழலிற் பேசுவார் அரியர். நெடுநாள் நீரிழிவு பாதத்தின் நரம்புகளை மழுங்கச் செய்யும். சூடும் முள்ளும் அவர்க்குத் தெரியா. நண்பகலிற் கொதிக்குங் கற்றளத்தில் வெறுங்காலோடு வலம்வரும் அடியவர், தீப்புண் பட்டதை மாலையிற் குருதியைக் கண்டே அறிவர். அப்புண் ஆறாது அழுகி, விரலையும் பின்னர்க் காலையும் இழந்தோர் உளர். சுசுருதர் ஏழை நோயாளியைச் செருப்பின்றி நடக்கச் சொன்ன விதியொன்றை மட்டும் இக்கால அறிவு கொண்டு நாம் கைவிடல் வேண்டும். கோயில் வாயில்வரை நல்ல செருப்பணிந்து செல்லுக. வலம்வருதலை வெயிலேறுமுன் முடித்துக்கொள்ளுக. திருவிழா நாளில் வீதிவலம் வருவாரின் பொருட்டு ஈரச்சாக்கு விரித்தலையும் நீர் தெளித்தலையும் கோயிலார் ஒரு தொண்டாகவே மேற்கொள்ளுக. கடற்கரையிலும் இதுவே நெறி. சிப்பியோடும் உடைந்த போத்தலும் மணலுக்குட் கிடக்கும். வீடு திரும்பியபின் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தேனும் பிறரைக் கொண்டேனும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடுவோரும் நீரின் சூட்டைக் காலால் அறிய முயலாது கையால் அறிக. உபவாச நாட்களிலோ, இன்சுலினும் சில மாத்திரைகளும் கொள்வார் வெறும் வயிற்றோடு நெடுந்தூரம் நடப்பின் சர்க்கரை மிகத் தாழ்ந்து, நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் வரும். மடியிற் சிறிது சீனியோ குளுக்கோசோ வைத்திருத்தல் விரதபங்கமாகாது. உயிரைக் காத்தலின் மேற்பட்ட விரதம் யாது? நெடுங்காலம் நோயுற்றோர் கண்ணையும் நெஞ்சையும் வைத்தியரிடங் காட்டி, அவர் இசைவு பெற்றே கடுமையான பயிற்சியிற் புகுதல் நன்று.

எல்லாம் ஊழ்வினையின் பயன். நாம் முயன்று ஆவதென்ன என்பார்க்கு நெடிது விடை சொல்லப் புகவில்லை. பசிக்கும்போது ஊழை நம்பி அடுப்பை அணைத்துவிடுவார் எவருமிலர். நோய்க்கு மட்டும் அவ்வாறு சொல்வது சோம்பல் தத்துவத்தின் ஆடையை உடுத்துக்கொண்டு வருவதேயாம். திருமூலர் உடம்பைப் பேணுதலை உயிரைப் பேணுதலாகக் கொண்டமை நம் அன்பர்கள் அறிந்ததே.

ஆயின் வேறொரு தடை உண்டு. அதனை ஊழென்று தள்ளவும் இயலாது, அறிவுரையால் நீக்கவும் இயலாது. நம் பெண்களைப்பற்றிச் சொல்லுகின்றோம். விடியுமுன் எழுந்து அடுக்களை புகுந்து, இரவு பாத்திரங் கழுவி முடிக்கும் தாயொருத்திக்குச் சலரோகம் வந்தால், நாள் முழுதும் வேலை செய்கின்றாளே, அது போதாதா என்பர் வீட்டார். குனிந்து நிமிர்தலும் அம்மியரைத்தலும் வீணல்ல, அவையும் உடலுழைப்பே. ஆயினும் நிற்பதும் இருப்பதுமாகச் சிறுகச் சிறுகக் கழியும் அவ்வேலை, நெஞ்சு சற்று விரைந்து துடிக்கும் இடையறாத நடைக்கு ஈடாகாது. அவள் மாலையிற் கடற்கரைக்குப் புறப்பட்டால், இந்த வயதில் உலாத்து வேண்டிக் கிடக்கின்றதோ என்று அயலார் நகைப்பர். அவள் நடையை நிறுத்துவது சோம்பலால் அன்று, நாணத்தால். ஆண்மகன் நடந்தால் வைத்தியர் சொற்படி நடக்கின்றான். பெண் நடந்தால் ஊர் சுற்றுகின்றாள்! இந்நிலையில் இன்பமாகப் பயிலுங்கள் என்று அவளுக்கு உபதேசிப்பது எளிது. அவளுக்கு அரைமணி நேரத்தை யார் கொடுப்பது? அந்த நேரத்தை அவளுடைய கணவனும் மக்களும் தம் கையால் உழைத்துத் தரல் வேண்டும். மாலை ஐந்து மணிக்குத் தேங்காய் துருவும் வேலையை மகன் ஏற்றுக்கொண்டால், அத்தாய்க்கு அவன் வாங்கிக்கொடுக்கும் மாத்திரையினும் அது குறைந்த மருந்தன்று. நடத்தல் கூசுமாயின் நாலைந்து பெண்கள் கூடிச் செல்லலாம். தனியொருத்தியைப் பார்த்து நகைக்கும் நா கூட்டத்தைக் கண்டால் அடங்கிவிடும். கூடிச் செல்வதில் வேறொரு நன்மையும் உண்டு: ஒருத்திக்கு மனமில்லாத நாளில் மற்றையோர் வாயிலில் வந்து நின்று அழைப்பர்.

எது இன்பமென்பதையும் ஒருவர்க்காக மற்றொருவர் முடிவு செய்தலாகாது. பிள்ளைகள் தந்தைக்குப் பெருவிலையில் ஓட்டப்பொறி வாங்கிக் கொடுக்கின்றனர்; அது சில மாதத்தில் துவாய் உலர்த்தும் கொடியாகிவிடுகின்றது. அப்பெரியவரோ தம் இளமையிற் கிளித்தட்டு மறிப்பதில் வல்லவராயிருந்தவர். பேரப்பிள்ளைகளோடு முற்றத்தில் கோடு கீறி அதனை ஆட அவரை யாரும் அழைத்திலர். ஒருவர்க்குத் தோட்டங் கொத்துதல், மற்றொருவர்க்குத் துவிச்சக்கரவண்டி, வேறொருவர்க்குப் பேச்சுத்துணையோடு நடை. அறுவையாற் காலிழந்தாரும் கதிரையில் அமர்ந்தபடி நீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்கியிறக்கிக் கைத்தசைகளைப் பயிற்றலாம். வானொலிப் பாட்டிற்கேற்ப அதனைச் செய்வதில் ஓர் உற்சாகமுண்டு. தமக்கு உவப்பானது எதுவென்று அறியாதார், பத்து வயதில் தாம் எதனைச் செய்யும்போது தாய் அழைத்த குரல் கேளாதிருந்தனர் என்று எண்ணிப் பார்த்தல் போதும்.

ஐப்பசி பிறந்தால் உப்புவெளிக் கடல் தன் முகத்தை மாற்றிக்கொள்ளும். வாடையும் மழையும் தையின் நடுவரை கரையை நமக்குத் தாரா. ஆறு மாதம் பழகிய நடை அம்மழையில் நின்றுபோதலே பலர்க்கு வழக்கம். அக்காலத்திற்குக் கோலாட்டமுங் கும்மியும் ஏற்றவை. இரண்டு கோல்களும், பாடத் தெரிந்த ஒரு மூதாட்டியும், நனையாத ஒரு மண்டபமும் இருந்தாற் போதும். நம் கோயில் மண்டபங்களும் சனசமூக நிலையங்களும் அம்மாதங்களின் மாலைகளில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் திறவுகோலை வைத்திருப்போர் வாரத்தில் மூன்று மாலை, ஒவ்வொரு மணிநேரம், அவற்றைத் திறந்து வைப்பாராக. வருவோர் தொகை முதல் வாரத்தில் நான்கோ ஐந்தோ ஆகலாம். விளக்கை அணைத்து வீட்டுக்குச் செல்லுமுன் அவர் இன்னுஞ் சில வாரம் பொறுத்துப் பார்க்கவேண்டும்.